பச்சைப் பெயின்டுக்கு அடியில்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தங்கள் வண்டிக்குள் என்ன எஞ்சின் இருக்கிறது என்று தெரியாது. ஹட்டன் டவுனில் இருபத்தாறு வருடமாக மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். "அக்கா, லொறிக்கு ஒரு ஹெட் கேஸ்கட் குடுங்க" என்பார்கள். எந்த எஞ்சின் என்று கேட்டால் லொறியின் பெயரைச் சொல்வார்கள். அது முன்னால் ஒட்டியிருக்கும் தகரத்தின் பெயர். எனக்கு வேண்டியது உள்ளே இருப்பதன் பெயர். எங்கள் மலையில் ஓடும் பழைய வண்டிகளில், பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இன்னமும் ஓடுவது அபூர்வம். ஏற்றத்தில் ஒன்று உயிரை விட்டால் இன்னொன்றைத் தூக்கிப் போட்டு ஓட்டுவார்கள். வேன் எஞ்சினில் ஓடும் ஜீப்புகள் எனக்கு நாலைந்து தெரியும். பம்பு எஞ்சினில் ஓடிய டிரக்டர் ஒன்று வலப்பனைப் பக்கம் கொஞ்ச நாள் முன்புவரை இருந்தது.

அதனால் வண்டியின் பெயரைக் கேட்பதையே நிறுத்திவிட்டேன். மூன்று கேள்விதான் கேட்பேன். பிளக் மேலே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா? டைனமோ எந்தப் பக்கம்? மேல் மூடியை எத்தனை நட்டுப் பிடித்திருக்கிறது? பதில் தெரியாதவர்களை, போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். இதனால் எனக்குக் கோபக்காரி என்று பெயர். இருக்கட்டும். நான் கொடுத்த தப்பான கேஸ்கட்டோடு கினிகத்தேனை ஏற்றத்தில் ஒருவன் ஆவி பறக்க நிற்பதைவிட, என்னைத் திட்டிக்கொண்டே பொனட்டைத் திறந்து பார்ப்பது அவனுக்கு நல்லது. எஞ்சினை அடையாளம் சொல்வதில் நான் இதுவரை தவறியதில்லை. இது தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

போன பெப்ரவரியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கடை வாசலில் ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து நின்றது. அமெரிக்கக் கார். எழுபது வயது இருக்கும். உருண்டையான முன்பக்கம், கெண்டைக்கால் மாதிரி புடைத்த மட்காட். இந்தக் காலத்து வண்டிகள் இரண்டை நிறுத்தும் இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திவிட்டு, காரைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். எனக்கோ கண்ணைவிடக் காதுதான் முந்தியது. தையல் மெஷின் அளவுக்குத்தான் சத்தம். ஆறு சிலிண்டர், தட்டைத் தலை எஞ்சின் என்று கல்லாவில் இருந்தபடியே சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன்.

ஓட்டி வந்தவர் அறுபது தாண்டிய ஓர் அம்மா. கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலைப் பிடித்திருந்த விதத்திலேயே டீச்சர் என்று தெரிந்தது. தலவாக்கலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார்.

"என்ன எஞ்சின்னாலும் சொல்லிருவீங்கன்னு சொன்னாங்க," என்றார்.

"சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. "மூணு கராஜ்ல காட்டிட்டேன். எஞ்சின்ல நம்பரே இல்லைங்கிறாங்க. நம்பரை ராவி எடுத்திருக்காங்க, களவெடுத்ததாத்தான் இருக்கும்னு ஒருத்தர் சொல்றார்."

"அவங்களுக்கு எங்க பார்க்கிறதுன்னு தெரியல. அதுக்கு எஞ்சின் என்ன செய்யும்?"

"இதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க," என்று ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன டைப் அடித்த தாள். இங்கிலீஷில் நாலே வரி. தோட்டத்து டிரைவர் ஒருவரின் காரில் இருக்கும் எஞ்சின் தேயிலைப் பெக்டரிக்குச் சொந்தமான மாற்று எஞ்சின்தான், அதைக் கண்ணால் பார்த்து அடையாளம் கண்டேன் என்று பெக்டரி ஃபிட்டர் எழுதிக் கொடுத்த சாட்சி. கீழே தமிழில் ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை இழுத்து, அதற்கடியில் இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. என் பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாவற்றிலும் அந்த இரண்டு புள்ளி இருக்கிறது. அது என் அப்பாவின் கையெழுத்து.

"அந்த டிரைவர் எங்கப்பா," என்றார் டீச்சர். "போன வருசம் இறந்துட்டார். நீங்க யார் மகள்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

இந்தக் கதையை நான் குழந்தையிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அது வேறு கதை. திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்பா பெக்டரி ஃபிட்டர். கரண்ட் போனால் கொழுந்து வாட்டும் காற்றாடிகளை ஓட்டுவதற்கு ஒரு அமெரிக்க எஞ்சினை மாற்றாக வாங்கி வைத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்ததே அப்பாதான். பிறகு தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரை ஊருக்குக் கிளம்பும்போது, ஓடாமல் பங்களாக் கொட்டிலில் கிடந்த தன் காரை டிரைவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டிரைவர் நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்துவிட்டார். அந்த நாலு மாதத்துக்குள் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. புது நிர்வாகம் பெக்டரியைச் சோதித்தபோது மாற்று எஞ்சினைக் காணவில்லை. செத்த கார் எப்படி எழுந்தது என்று எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பொனட்டைத் திறந்ததும் அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிட்டாராம்.

"எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" என்று நாங்கள் கேட்போம். அது அவருக்குப் பிடித்த இடம். "பச்சை புள்ள. நான் அடிச்ச பச்சை," என்பார்.

தோட்டத்தில் பச்சை என்றால் பெக்டரி. ரோலர், காற்றாடி, மோட்டார், கதவு எல்லாமே பச்சை. கடையில் வாங்கிய பச்சையில் அப்பா தன் கையால் கொஞ்சம் கறுப்புக் கலப்பார். அந்த நிறம் வேறு எங்கும் கிடையாது. கம்பெனியிலிருந்து சோதனைக்கு வருகிற பெரிய தொரையை வி.ஏ. என்பார்கள்; தொரைக்கே தொரை அவர். வி.ஏ. வருகிறார் என்றால் அதற்கு முதல் வாரம் அசையாத பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சு விழும். நம்பர் பார்த்து எஞ்சினை அடையாளம் காண்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. பச்சையைப் பார்த்தார்கள், பெக்டரிச் சாமான் என்றார்கள்.

மாற்று எஞ்சினின் நம்பரை யாரும் குறித்து வைக்காததால் பொலிஸ் கேஸ் போட முடியவில்லை. வேலையிலிருந்து பேர் வெட்டுவதற்கு நம்பர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, கூப்பிட்டவர்கள் 'ஆமாங்க' என்று குரல் கொடுப்பார்கள். ஒரு நாள் டிரைவரின் பேரைக் கூப்பிடாமல் அடுத்த பேருக்குப் போனார்கள். பேர் வெட்டிவிட்டார்கள் என்பதை அவர் அப்படித்தான் தெரிந்துகொண்டார். மாதம் முடிவதற்குள் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளையும் பாத்திரங்களையும் அந்தக் காரிலேயே ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்களாம். 'களவெடுத்த எஞ்சின்ல சொகுசாத்தான் போனாங்க' என்று சொல்லி அப்பா கதையை முடிப்பார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். டீச்சர் முன்னால் அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தபோது எனக்கு முகம் எரிந்தது.

"உங்களுக்கு என்ன வேணும் டீச்சர்?" என்றேன்.

"எங்கப்பா களவெடுத்தாரா இல்லையான்னு தெரியணும். நான் நம்பினேன்தான். ஆனா நம்புறது வேற, தெரியுறது வேற இல்லையா? ஒரு தடவை கேட்டேன். மூணு நாள் என்னோட பேசல. அதுக்கப்பறம் கேட்கல." ஃபைலைச் சரிசெய்தபடி சொன்னார்: "களவெடுத்ததுன்னா அதையும் அப்படியே எழுதிக் குடுங்க. உங்கப்பா எழுதின மாதிரியே."

அவரிடம் இன்னொரு தாளும் இருந்தது. காரைத் தன் பெயருக்கு மாற்றப் போனபோது, கொழும்பு மோட்டார் பதிவுக் கந்தோரில் பழைய பதிவின் பிரதி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கார் முதன்முதலில் பதிவானபோது அதற்குள் இருந்த எஞ்சினின் நம்பர் அதில் இருந்தது. அந்த நம்பரை எஞ்சினில் கண்டுபிடித்தால் கார் எஞ்சின். இல்லாவிட்டால் என் அப்பா சொன்னதுதான். அவ்வளவு சுலபமான விஷயம், ஐம்பது வருடமாக யாரும் செய்யாத விஷயம்.

கடையைப் பாதி மூடிவிட்டு, பக்கத்து முற்றத்தில் காரை விடச் சொல்லி பொனட்டைத் தூக்கினேன். பச்சை. ஒரு அங்குலம் விடாமல் பச்சை. எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்திருந்தாலும், விரலால் தேய்த்த இடத்தில் அப்பாவின் பச்சைதான் தெரிந்தது. அதை நான் எங்கே கண்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டு அரிசிப்பெட்டிகூட அந்த நிறம்தான்.

இந்த எஞ்சினில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தக் கம்பெனி இதே எஞ்சினைக் காருக்கும் போட்டது, லொறிக்கும் போட்டது, பம்புக்கும் பெக்டரிக்கும் அனுப்பியது. வால்வெல்லாம் பக்கவாட்டில் இருக்கும். மேலே ஒரு தட்டையான இரும்புப் பலகை, அதில் வரிசையாக ஆறு பிளக். வெளியே பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது கஷ்டம். பெக்டரி எஞ்சினுக்கு முன்பக்கம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கவர்னர் இருக்கும். இதில் இல்லை. ஆனால் நாலு மாதம் மல்லுக்கட்டியவருக்கு அதைக் கழற்றி மூடுவது அரைநாள் வேலை. அதை நான் சாட்சியாக எடுக்கவில்லை.

அடுத்தது நீளம். இந்தத் தலை இரண்டு அளவில் வரும்: இருபத்துமூன்று அங்குலம், இருபத்தைந்து அங்குலம். கடையை எனக்கு விற்றவர் விட்டுப்போன பழைய பார்ட்ஸ் புத்தகத்தில் இது தெளிவாக இருக்கிறது. இந்த மாதிரிக் காருக்கு இருபத்துமூன்று. பெரிய லொறிக்கும் பெக்டரிக்கும் இருபத்தைந்து. டேப்பை வைத்து இழுத்தேன். இருபத்தைந்து.

மறுபடி வைத்தேன். இருபத்தைந்துதான்.

உள்ளுக்குள் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அப்பா சொன்னது சரி, நாங்கள் சிரித்ததில் தப்பில்லை என்று நெஞ்சு லேசானது. நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் டேப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "எழுதுங்க," என்றார். ஒரு கையால் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பேனாவை எடுத்துவிட்டேன். எழுத முடியவில்லை. நல்ல மனசு தடுத்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் தடுத்தது தொழில் பழக்கம். யாராவது கடைக்கு வந்து ஒரே ஓர் அளவை மட்டும் சொன்னால் நான் சாமான் கொடுப்பேனா? துரத்திவிடுவேன். மூன்று கேள்வி கேட்கிற நான், அப்பா விஷயத்தில் மட்டும் ஒன்றோடு ஏன் நிற்கிறேன் என்று என் மீதே எரிச்சல் வந்தது. பார்ட்ஸ் புத்தகத்தைத் திரும்ப எடுத்து வந்து, பொடி எழுத்தில் இருந்த அடிக்குறிப்புகளைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். கனடாவில் செய்த வண்டிகளில் சின்னக் காருக்கும் இருபத்தைந்துதான் என்று ஒரு வரி இருந்தது. எழுந்து போய், எஞ்சினுக்குப் பின்னால் தகரச் சுவரில் அறைந்திருந்த சிறு தகட்டைத் துணியால் துடைத்தேன். கனடா என்று இருந்தது. அமெரிக்கக் கம்பெனிதான், ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம் வேண்டிய நம் போன்ற நாடுகளுக்குக் கனடாவில் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

"டீச்சர், நான் அவசரப்பட்டுட்டேன்," என்றேன். "இந்த அளவு ரெண்டு பக்கமும் பேசும். நம்பரைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

"அதைத்தானே மூணு பேர் தேடினாங்க?"

"அவங்க டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தேடியிருப்பாங்க. இதுக்கு எதிர்ப்பக்கம்."

எஞ்சினின் இடப்பக்கம், முன்னால், டைனமோவுக்கு மேலே, தலைப்பலகைக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மேடு உண்டு. நம்பரை அங்கேதான் குத்துவார்கள். தடவிப் பார்த்தேன், மேடு இருந்தது. பெயின்ட் அதை வழவழவென்று மூடியிருந்தது. கார் நம்பர் என்றால் முதலில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் வரும், பெக்டரிக்குப் போனது என்றால் முதலில் மூன்று எழுத்து வரும் என்று டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பிறகு மாற்றிச் சொல்ல எனக்கே இடம் இருக்கக்கூடாது.

தின்னரில் நனைத்த துணியை மேட்டின் மேல் பத்து நிமிடம் வைத்துவிட்டு, பித்தளைத் தகட்டால் மெதுவாகச் சுரண்டினேன். இரும்பால் சுரண்டினால் எழுத்தே போய்விடும். பச்சை தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒரு துண்டு, நகத்தளவு, முழுதாகக் கையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வெள்ளி நிறம். கம்பெனி முதன்முதலில் அடித்த பெயின்ட் அது. பச்சைக்கும் அதற்கும் நடுவில் வேறு நிறமே இல்லை. அந்தத் துண்டைத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

மேட்டில் முதலில் ஒரு நட்சத்திரக் குறி தெரிந்தது. அடுத்து ஓர் எழுத்து. அதற்கடுத்ததை மெதுவாகத் துடைத்தேன். இலக்கம். அதற்கடுத்ததும் இலக்கம்.

"இப்ப நான் ஒண்ணொண்ணா வாசிக்கிறேன் டீச்சர். நீங்க தாளைப் பாருங்க," என்றேன்.

அவர் தாளை எடுக்கவில்லை. நான் முதல் இரண்டு இலக்கத்தை வாசித்தேன். மூன்றாவதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, "அடுத்தது ஏழு," என்றார்.

ஏழுதான்.

"சைபர். அப்பறம் நாலு. கடைசியில ரெண்டு ஒன்பது."

நான் துடைக்கத் துடைக்க, அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக இரும்பில் தெரிந்தது. கடைசி ஒன்பதுக்குப் பிறகு இன்னொரு நட்சத்திரம். நான் விலகி நின்று டோர்ச்சை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு பொனட்டின் ஓரத்தில் நெற்றியை வைத்து அழுதார். பள்ளிக்கூடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் தேற்றவில்லை. தேற்றுகிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. உள்ளே போய் இரண்டு பிளேன்டீ போட்டு எடுத்து வந்தேன்.

எழுதியும் கொடுத்தேன். தமிழில், நாலு வரி. இந்தக் காரில் இருப்பது இந்தக் காரோடு வந்த எஞ்சின். நம்பர் பதிவோடு ஒத்திருக்கிறது. பச்சைப் பெயின்ட் பிறகு அடித்தது. நானே சுரண்டிப் பார்த்தேன். கடை முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் இரண்டு தடவை வாசித்துவிட்டு ஃபைலில் வைத்தார்.

"இது உங்க வாக்கு. நன்றி. ஆனா எங்கப்பா பேர் உங்கப்பா வாயாலதானே போச்சு?" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் சுருக்கென்றது.

அப்பாவுக்கு எண்பத்தைந்து. என்னோடுதான் இருக்கிறார். காது கேட்கும், ஞாபகமும் தெளிவு. பிடிவாதம் அதைவிடத் தெளிவு. அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அந்த மாற்று எஞ்சினைப் பெட்டியில இருந்து எடுத்தப்ப என்ன கலர்ல இருந்துச்சு?"

"சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு. நான்தானே பிரிச்சேன்? அது மேலதான் பச்சை அடிச்சேன். ஏன் கேட்கிற?"

"சிவப்பைச் சுரண்டிட்டா அடிச்சீங்க?"

"சுரண்ட எனக்கென்ன கிறுக்கா? மேலாலயே அடிச்சது."

தீப்பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். தன் பச்சையை அவர் உடனே கண்டுகொண்டார், முகத்தில் பெருமைகூட வந்தது. "திருப்பிப் பாருங்க," என்றேன். திருப்பினார். வெள்ளி. இன்னொரு தடவை திருப்பினார். பச்சை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பக்கவாட்டில் பிடித்து, நடுவில் சிவப்பு இருக்கிறதா என்று தேடினார். எங்கே எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நான் டீச்சரைப் பற்றியும், நம்பரைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். சோறு ஆறிப்போனது.

"என் டின்னை நான் யாருக்கும் குடுக்கலையே," என்றார் முதலில். பிறகு துண்டை மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைசியா வி.ஏ. வந்தப்ப பங்களாவுக்கு ஒரு டின் கேட்டாங்க. வேலிக்குன்னு நெனச்சுக் கலந்து குடுத்தேன்" என்றார்.

கார் கிடந்த கொட்டில் பங்களாவில்தான் இருந்தது. ஓடாத காரின் எஞ்சினுக்கும் வி.ஏ.வுக்காக ஒரு பூச்சு அடித்திருக்கிறார் டிரைவர். தோட்டத்தில் யாரும் செய்வதுதான். பெக்டரியின் மாற்று எஞ்சினை யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அவன் சொன்னான் புள்ள. நான்தான் அடிச்சேன், நீ குடுத்த டின்னுதான்னு என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நான் டின்னு குடுக்கலன்னுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருடமாக அந்தக் கதையைப் பெருமையாகச் சொன்ன வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "நம்பர் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டேன். "தெரிஞ்சுக்கணும்னு தோணல. பச்சையைப் பார்த்தேன், போதும்னு நெனச்சேன்," என்றார். வெட்டிப் பேச நினைத்து வாயைத் திறந்தேன். காலையில் நானும் டேப்பில் இருபத்தைந்தைப் பார்த்துப் போதும் என்று நினைத்துப் பேனாவை எடுத்தது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

"கையெழுத்து வேணாம். அவங்கப்பா பேரைப் பெரட்டுலதான் வெட்டினாங்க. அங்க வந்து சொல்லுங்க."

அடுத்த திங்கட்கிழமை காலை மூன்று பேரும் அந்தக் காரிலேயே தோட்டத்துக்குப் போனோம். டீச்சர் ஓட்டினார். அப்பா பின்சீட்டில் கோட்டுப் போட்டு, மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். கார் ஏற்றத்தில் சிணுங்காமல் போயிற்று. பெரட்டுக் களத்துக் கணக்கப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளுக்கு என் கடையில்தான் சாமான் வாங்குவார். ஐந்து நிமிடம் தருகிறேன், அதற்கு மேல் தன் மேலதிகாரி கண்டாக்கையா வந்துவிடுவார் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

முதுகில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நாற்பது பேர் நின்றார்கள். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். "நான் இங்க பெக்டரியில ஃபிட்டரா இருந்தவன்," என்று ஆரம்பித்தார். டிரைவர் எஞ்சின் களவெடுத்தார் என்று தான் எழுதிக் கொடுத்ததையும், அது தப்பு என்பதையும், கார் எஞ்சினுக்கும் பெக்டரி எஞ்சினுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாமல் பெயின்டைப் பார்த்துச் சொன்னதையும், ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். "அவன் களவெடுக்கல. நான்தான் பொய்ச்சாட்சி," என்றார்.

நின்றவர்களில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண், "யாருங்க தாத்தா அந்த டிரைவரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். யாருக்குமே தெரியாத ஒரு பேரைத் துடைத்துக் கொடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று டீச்சரைப் பார்த்தேன். அவர் கார்க் கதவருகில் நேராக நின்றிருந்தார். அசையவில்லை.

கணக்கப்பிள்ளை மணியைப் பார்த்துவிட்டுப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பேர், ஓர் 'ஆமாங்க'. இன்னொரு பேர், இன்னோர் 'ஆமாங்க'. அப்பா நகரவில்லை. கையை உயர்த்தி, "ஐயா, ஒரே ஒரு பேர்," என்றார். கணக்கப்பிள்ளை நிறுத்தினார்.

அப்பா அந்தப் பேரைக் கூப்பிட்டார். அந்தக் காலத்துச் செக்ரோல் பேரேட்டில் இருந்த மாதிரி, தகப்பன் பேரையும் சேர்த்து, களத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஆமாங்க," என்றார் டீச்சர்.

கணக்கப்பிள்ளை அடுத்த பேரைக் கூப்பிட்டார்.